பையம்பள்ளி: மண்ணில் தெரியும் கறையை வைத்து வீடு, விவசாயம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஏலகிரி_நிழல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்நாட்டின் புதிய கற்கால ஊர்களைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன், எதை எடுத்தாலும் கடைசியில் பையம்பள்ளியில் வந்து நிற்கிறது. திருப்பத்தூர் பக்கம். 1964-65இலும் 1967-68இலும் மத்தியத் தொல்லியல் துறைக்காக எஸ்.ஆர். ராவ் தோண்டினார், குஜராத்தில் சிந்துவெளி ஊரான லோத்தலைத் தோண்டிய அதே ராவ்தான். எல்லாப் புத்தகத்திலும் ஏறக்குறைய ஒரே பத்தி: மக்கள் தரையில் குழி வெட்டி அதில் வாழ்ந்தார்கள், குழியைச் சுற்றிக் கம்பு நட்டுக் கூரை போட்டார்கள், கொள்ளும் பாசிப்பயறும் கேழ்வரகும் விளைவித்தார்கள், மெருகேற்றிய கற்கோடரி வைத்திருந்தார்கள், சாம்பல் நிறப் பானை செய்தார்கள், காலம் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டு. அவ்வளவுதான், அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

எனக்கு அந்தப் பத்திதான் பிரச்சினை. கீழடியில் செங்கல் சுவர் தெரிகிறது, உறைகிணறு தெரிகிறது, பார்த்தவுடன் புரிகிறது. இங்கே மரமும் இல்லை கூரையும் இல்லை, எல்லாம் மட்கிப் போய் மூவாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. இருப்பது மண்ணில் நிறம் மாறிய சில வட்டங்கள். அது கம்பு நட்ட குழியா, எலி வளையா, வேர் போன தடமா என்று யார் கண்டது? குழி இருந்தால் அதில் ஆள் குடியிருந்தான் என்று எப்படிச் சொல்வது? நாலு பயறு கிடைத்தால் விவசாயம் என்றாகிவிடுமா, காட்டில் பறித்துத் தின்றிருக்கக் கூடாதா? குதர்க்கமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே வழிமுறை தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் நல்லது.

---

மண்ணடுக்கு

நல்ல கேள்வி. நான் படிக்கும் காலத்தில் அகழாய்வுக் குழிகளில் வேலை செய்திருக்கிறேன் (பையம்பள்ளியில் இல்லை, அது நான் பிறப்பதற்கு முந்தைய சங்கதி). கம்பக்குழி பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதற்கு வேறு ஆட்கள் வருவார்கள்.

கல்யாண வீட்டில் பந்தல்காலைப் பிடுங்கிய பிறகு அந்தக் குழிக்கு என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். யாரும் பழைய மண்ணை அப்படியே எடுத்து வைத்து அடைப்பதில்லை. மேல்மண், சருகு, சாம்பல், குப்பை எல்லாம் போய் விழும். சுற்றியிருப்பது கெட்டியான செம்மண், குழிக்குள் இருப்பது பொலபொலவென்ற கருமண். அந்த வித்தியாசம் எத்தனை ஆயிரம் வருடமானாலும் அழியாது, ஏனென்றால் ஒருமுறை வெட்டிய மண் மறுபடி பழைய கட்டுக்கு வராது. மரம் போய்விடும், மரம் நின்ற இடம் போகாது.

இதைக் கண்டுபிடிக்கும் விதம் இப்படி. தோண்டும் தளத்தைக் கரணையால் சீவிச் சமமாக்குவார்கள். வெயிலில் காய்ந்த தரையில் ஒன்றும் தெரியாது, எல்லாம் ஒரே செம்பழுப்பு. லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுச் சாய்வெயிலில் பார்த்தால் கருப்பு வட்டங்கள் மெல்ல எழும்பி வரும், பத்து நிமிடத்தில் காய்ந்து மறுபடி மறைந்தும் விடும், அதற்குள் ஆணி அடித்து அடையாளம் வைத்துவிட வேண்டும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு நம்பவே முடியாது.

அப்புறம்தான் உங்கள் எலிக்கேள்வி. வட்டத்தை முழுதாகத் தோண்டிவிடக் கூடாது. நடுவில் கோடு போட்டுப் பாதியை மட்டும் எடுப்பார்கள், மீதிப் பாதி சுவர்போல நிற்கும், அந்த வெட்டுமுகத்தில் குழியின் பக்கவாட்டு உருவம் தெரியும். எலி வளை என்றால் சாய்வாகப் போகும், திரும்பும், இன்னொரு வளையில் சேரும். வேர் என்றால் மேலே தடித்துக் கீழே மெலிந்து கிளை பிரியும். கம்பக்குழி நேராக இறங்கும், அடி தட்டையாகவோ கூராகவோ சட்டென்று முடியும். பல நேரம் ஓரத்தில் ஆப்புக்கல் செருகியிருப்பார்கள், கம்பு ஆடாமல் இருக்க. எந்த எலியும் ஆப்புக்கல் வைக்காது. கம்பு நின்ற இடத்திலேயே மட்கியிருந்தால் நடுவில் கருப்பாக ஒரு தண்டு, சுற்றிலும் இடித்துக் கெட்டித்த மண் என்று இரண்டு வட்டமாகத் தெரியும். பிடுங்கி எடுத்திருந்தால் வாய் அகன்று, உள்ளே கலவை மண் இருக்கும். ஆக, வீட்டைக் கைவிட்டுப் போனார்களா, கம்பை வேறு இடத்துக்குத் தூக்கிப் போனார்களா என்பதுகூடச் சில சமயம் தெரியும்.

இதில் பெரிய ஆபத்து எலி இல்லை, நம் கண். ஒரே இடத்தில் பல தலைமுறை குடிசை போட்டுப் போட்டுப் பிரித்திருந்தால் தரை முழுக்கத் துளையாக இருக்கும், அதில் எந்த வட்டத்தை வேண்டுமானாலும் கற்பனையாக வரைந்துவிடலாம். அதனால் ஆழம், அகலம், நிரப்பு மண் மூன்றும் ஒத்துப்போகிற துளைகளை மட்டும்தான் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், துளை எந்த அடுக்கிலிருந்து வெட்டப்பட்டது என்பது. பையம்பள்ளியில் புதிய கற்கால அடுக்குக்கு மேலே இரும்புக்கால அடுக்கு இருக்கிறது, கருப்பு-சிவப்புப் பானை, இரும்பு உருக்கிய தடயம் எல்லாம் அதில்தான். மேல் அடுக்கு ஆட்கள் நட்ட கம்பு கீழ் அடுக்குக்குள் இறங்கியிருக்கும். அதைப் பிரிக்கத் தெரியாவிட்டால் பேரன் வீட்டுக் கம்பைப் பாட்டன் கணக்கில் எழுதிவிடுவோம்.

கர்நாடகத்தில் தெக்கலகோட்டையில் 1963-64இல் தோண்டினார்கள். அங்கே பாறைகளுக்கு நடுவே வட்டக் குடிசைகளின் தரையும் கம்பக்குழிகளும் வந்தன, அதே பக்கத்தில் இன்றைக்குக் குடிசை கட்டுகிறவர்களின் முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த மாதிரி ஒப்பீடு ரொம்ப உதவும், ஆனால் அது துணைச் சாட்சிதான்.

---

கொள்ளுப்பை

விவசாயம் பற்றி நான் சொல்கிறேன், இதுதான் என் பாடம்.

முதல் விஷயம்: நம்மூர் மண்ணில், நம்மூர் மழையில், எரியாத விதை எதுவும் ஆயிரக்கணக்கான வருடம் தங்காது. மட்கும், இல்லாவிட்டால் கரையான் தின்னும். தங்குவது கருகிய விதை மட்டும்தான், அடுப்பில் சிந்தியது, வறுக்கும்போது தீய்ந்தது, குப்பையோடு எரிந்தது. கரி ஆகிவிட்டால் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அதில் சாப்பிட ஒன்றும் இல்லை. அதனால் பழைய அடுக்கில் பளபளவென்று கருகாத விதை ஒன்று கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள், எறும்பு போன வருடம் இழுத்துப் போனதாக இருக்கும்.

எடுக்கும் முறை எளிமை. ஒவ்வொரு அடுக்கிலும் குழியிலும் இருந்து மண்ணைப் பையில் கட்டி எண் போட்டு வைப்பார்கள். வாளித் தண்ணீரில் அந்த மண்ணைக் கொட்டி மெதுவாகக் கலக்கினால் கரி மிதக்கும், மண் அடியில் தங்கும். மிதப்பதைப் பொடிக்கண் வலைத்துணியில் ஊற்றி நிழலில் காய வைக்க வேண்டும், வெயிலில் வைத்தால் படபடவென்று வெடித்துத் தூளாகிவிடும். பிறகு நுண்ணோக்கி முன்னால் தூரிகையோடு உட்கார்ந்து பொறுக்குவதுதான் வேலை. வாளி கலக்க அரை மணி, பொறுக்க வாரக்கணக்கு.

கருகிய கொள்ளும் பாசிப்பயறும் பெரும்பாலும் தோல் போய், இரண்டு பருப்பாகப் பிளந்துதான் கிடைக்கும். கொள்ளு தட்டை, பாசி உருண்ட நீள்வடிவம். பாசியையும் உளுந்தையும் பிரிப்பதுதான் தலைவலி. பிளந்த பருப்பின் உட்பக்கத்தில் முளைக்குருத்து பதிந்த தடம் இருக்கும், அந்தத் தடத்தின் நீளத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பொட்டு அளவுப் பருப்பில் அதைத் தேட வேண்டும்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி, பறித்ததா பயிரிட்டதா. தென்னிந்தியாவில் இது நிஜமாகவே சிக்கலான இடம், ஏனென்றால் கொள்ளுக்கும் பாசிப்பயறுக்கும் காட்டு உறவுகள் இந்தப் பக்கத்திலேயே உண்டு. கோதுமை கிடைத்தால் வெளியிலிருந்து வந்த பயிர் என்று உடனே சொல்லலாம், அது இங்கே காட்டில் முளைப்பதில்லை. கொள்ளில் அப்படிச் சொல்ல முடியாது. பயறு வகையில் விதை பெருப்பதும் பயிரிடத் தொடங்கி வெகுகாலம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே விதை சின்னதாக இருக்கிறது, எனவே காட்டுப்பயறு என்று முடிவு கட்டவும் வழியில்லை. அப்போது என்ன செய்வது? ஒரு விதையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். அதே சில தானியங்கள் ஊர் ஊராக, அடுக்கு அடுக்காகத் திரும்பத் திரும்ப வருகின்றனவா, கூடவே வயலில் மட்டும் முளைக்கும் களைவிதை வருகிறதா, அரவைக்கல் இருக்கிறதா, ஊர் ஒரே இடத்தில் பல தலைமுறை தங்கியிருக்கிறதா. பெல்லாரிப் பக்கம் சங்கனகல்லு முதலான ஊர்களில் பழைய தாவர எச்சங்களை ஆராயும் டோரியன் ஃபுல்லர் இப்படி மிதவை முறையில் மண்ணைச் சலித்துப் பார்த்தபோது நாலு பேர் மறுபடி மறுபடி வந்தார்கள்: கொள்ளு, பாசிப்பயறு, கன்னடத்தில் கொரலே என்று சொல்லும் சிறுதானியம், தினைக்கு உறவான ஒரு புல்தானியம். கோதுமையும் பார்லியும் அப்புறம் கொஞ்சம்போல வடமேற்கிலிருந்து வந்து சேர்ந்தவை. நெல்லை இந்தப் பட்டியலில் தேடாதீர்கள், தென்னாட்டுப் புன்செய் விவசாயம் பயறிலும் சிறுதானியத்திலும்தான் எழுந்தது.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் சொன்ன அந்தப் பத்தியில் கேழ்வரகு இருக்கிறது பாருங்கள், அதை அப்படியே விழுங்க வேண்டாம். கேழ்வரகு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிர். 1960களில் இந்தியா முழுக்கக் கற்கால ஊர்களில் கேழ்வரகு என்று எழுதியவை பலவும் வேறு சிறுதானியங்களாக இருக்கலாம் என்று பின்னால் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். கருகி உப்பிய சிறுதானியம் ஒன்றுபோலவே இருக்கும், மேல்தோல் நுணுக்கம் பார்க்காமல் பெயர் வைப்பது கஷ்டம். பையம்பள்ளியில் கொள்ளு, பாசி என்றால் சுற்றுவட்டாரத்து மற்ற ஊர்களோடு ஒத்துப் போகிறது, நான் நம்புவேன். கேழ்வரகு என்றால் விதையை மறுபடி நுண்ணோக்கியில் பார்க்காமல் நம்ப மாட்டேன்.

---

ஏலகிரி_நிழல்

இரண்டு பேருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவே இல்லை. கேழ்வரகு விஷயம் எந்தப் புத்தகத்திலும் கண்ணில் படவில்லை. அப்படியே காலக்கணக்கையும் யாராவது சொல்லுங்கள், கரியை வைத்துத்தானே?

---

கொள்ளுப்பை

ஆமாம், கதிரியக்கக் கரிமம்தான், உயிர் போன பிறகு கரியில் குறைந்துகொண்டே போகும் அந்தக் கரிமம் எவ்வளவு மிச்சம் என்று அளப்பது. ஆனால் எந்தக் கரி என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் ஒரு கணக்குக்குக் கைநிறையக் கரி வேண்டும், அதனால் விறகுக்கரியைத்தான் அனுப்புவார்கள். விறகு நூறு வருடத்து மரத்தின் வயிரமாக இருந்தால் மரம் அந்த உட்பகுதியை வளர்த்த காலத்தைத்தான் கணக்கு காட்டும், அடுப்பு எரிந்த காலத்தை இல்லை. இன்று ஒற்றைக் கருகிய பயறை வைத்தே காலம் பார்க்கலாம், பயறு ஒரே பருவத்தில் விளைந்தது, அதில் அந்தக் குழப்பம் இல்லை.

---

ஏன்_எப்படி

எல்லோரும் குழியைத் தொடாமல் சுற்றி வருகிறீர்கள், நான் தொடுகிறேன். "குழி வீடு" என்பதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

காஷ்மீரில் பூர்ஜகோம் என்று ஒரு ஊர், இந்தியாவில் குழி வீடு என்றாலே அதைத்தான் சொல்வார்கள். அங்கே உள்ளதில் பெரிய குழி வாயில் 2.74 மீட்டர், அடியில் 4.57 மீட்டர், ஆழம் 3.95 மீட்டர். குடம்போல, வாய் குறுகி வயிறு அகன்றது. காஷ்மீர்க் குளிரில் தரைக்குள் இறங்கி வாழ்ந்தார்கள் என்று பல வருடம் எல்லோரும் எழுதினார்கள். 1990களில் இரண்டு ஆய்வாளர்கள் எழுந்து, இது வீடு இல்லை, தானியக் களஞ்சியமாக இருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். வாய் குறுகி வயிறு அகன்ற குழி என்பது உலகம் முழுக்கத் தானியம் சேமிக்கும் குழியின் உருவம், வாயை அடைக்க எளிது என்பதால். நியாயமான கேள்விதானே?

காஷ்மீருக்காவது குளிர் என்று ஒரு காரணம் இருந்தது. திருப்பத்தூரில் எந்தக் குளிருக்குப் பயந்து தரைக்குள் போனார்கள்? தென்மேற்கும் பெய்யும் வடகிழக்கும் பெய்யும் ஊரில் குழிக்குள் படுத்தால் ஐப்பசியில் முழங்கால் தண்ணீர் நிற்காதா? குழி தானியத்துக்காக இருக்கலாம், களிமண் எடுத்த குழியாக இருக்கலாம், குப்பைக்குழியாகவும் இருக்கலாம். சுற்றிக் கம்பு இருந்தது என்றால் கூரை இருந்தது என்றுதான் பொருள். தானியத்துக்கும் கூரை வேண்டும்.

---

மண்ணடுக்கு

மழை வாதத்தை அவ்வளவு லேசாக எடுக்கக் கூடாது என்பது சரிதான், ஆனால் அது முடிவான வாதமும் இல்லை. சரிவான நிலம், சரளை கலந்த மண், குழியைவிட அகலமாக இறங்கிய கூரை, விளிம்பில் வெட்டி எடுத்த மண்ணால் ஒரு கரை என்றால் தண்ணீர் உள்ளே வராமல் தடுத்துவிடலாம். பையம்பள்ளிக் குழிகளைப் பூர்ஜகோம் குழியின் ஆழத்தோடு மனதில் வைத்து வாதாடுவதும் தப்பு. ஆழமில்லாத குழி என்றால் அது "தரைக்குள் வாழ்வது" இல்லை, தரையைக் கொஞ்சம் தாழ்த்திக் குடிசை போடுவது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று, எல்லாக் குழிக்கும் ஒரே வேலை என்று வீடு என்பவர்களும் களஞ்சியம் என்பவர்களும் ஏன் நினைக்க வேண்டும்? தானியக்குழி உபயோகம் முடிந்தால் குப்பைக்குழி ஆகிவிடும், அது எந்தக் கற்கால ஊரிலும் நடப்பது. நாம் குழிக்குள் காண்பது பெரும்பாலும் அந்தக் கடைசிக் குப்பையை. அதை வைத்து முதல் வேலையைச் சொல்வதில்தான் சறுக்குகிறோம்.

---

துங்கபத்ரா_கரை

விவாதம் நன்றாகப் போகிறது, ஒரு கிளைக்கதை சேர்க்கிறேன், ஏனென்றால் "கட்டடம் இல்லாத ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது" என்பதற்கு இதைவிட நல்ல பதில் தென்னிந்தியாவில் கிடையாது.

பெல்லாரி, ராய்ச்சூர், மகபூப்நகர்ப் பக்கங்களில் வயலுக்கு நடுவே சாம்பல் மேடுகள் இருக்கின்றன, மொத்தம் நூற்றுக்கு மேல். சிலது வெறும் சாம்பல், சிலது உருகிக் கட்டிதட்டிக் கண்ணாடிக் கசடுபோல இருக்கும். ஹம்பிக்குப் பக்கத்தில் நிம்பாபுரத்து மேட்டை வாலியை எரித்த சாம்பல் என்று ஊரில் சொல்வார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் எரிமலை, இரும்பு உலை என்று என்னென்னவோ ஊகித்தார்கள். மாட்டுச்சாணம் எரிந்த சாம்பல், செய்தவர்கள் கற்கோடரிக் காலத்தவர் என்று ராபர்ட் புரூஸ் ஃபுட் சரியாகப் பிடித்தார், பல்லாவரத்தில் 1863இல் கைக்கோடரி கண்டெடுத்த அதே ஆள். பிறகு ஆய்வகத்தில் பார்த்ததிலும் சாணச்சாம்பல் என்றே வந்தது.

1957இல் ஆல்சின் என்ற தொல்லியலாளர் மகபூப்நகர்ப் பக்கம் உட்னூரில் ஒரு மேட்டை வெட்டினார். அடுக்கடுக்காகச் சாம்பல், மாட்டுப்பட்டி அடைத்த கம்பக்குழிகள். அதைவிட அருமை, சாம்பல் அடுக்கில் மாட்டுக் குளம்பு பதிந்த தடங்கள் அப்படியே இருந்தன. எரிந்து ஆறிய சாம்பல்மேல் மாடு நடந்து, அதன்மேல் மறுபடி சாணம் சேர்ந்து, மறுபடி எரிந்து, இப்படிப் பலமுறை. மாட்டின் எலும்பு அங்கே கறி தின்றதை மட்டும்தான் சொல்லும், குளம்புத்தடம் உயிரோடு அடைத்து வைத்ததைச் சொல்லும். மாடு வளர்த்தார்களா வேட்டையாடினார்களா என்ற கேள்வி அங்கே தீர்ந்தது.

ஏன் எரித்தார்கள் என்பதில் இன்னும் சண்டைதான். பண்டிகை நெருப்பாக இருக்கலாம் என்பது ஆல்சின் கருத்து. பின்னால் கர்நாடகத்துப் புதிஹாளில் தொல்லியலாளர் பத்தையா பல வருடம் தோண்டி, மேட்டை ஒட்டியே வீடுகள் இருந்த இடத்தையும் மாட்டை அறுத்த தளத்தையும் கண்டார். ஆகவே வெறும் காட்டுப்பட்டி என்று சொல்ல முடியாது, ஊரும் பட்டியும் ஒன்றாக இருந்தன. நீங்கள் கேட்டதற்கு இதில் பாடம் என்னவென்றால், ஒரு மேட்டை மட்டும் வெட்டினால் பட்டி கிடைக்கிறது, பக்கத்தையும் சேர்த்து வெட்டினால் ஊர் கிடைக்கிறது. பையம்பள்ளியிலும் எத்தனை அகலம் வெட்டினார்கள் என்பதைப் பார்த்துத்தான் "இப்படித்தான் வாழ்ந்தார்கள்" என்ற வாக்கியத்தை எடை போட வேண்டும்.

---

ஜவ்வாதுமலையான்

பெரிய ஆராய்ச்சிக்கு நடுவே ஒரு சின்ன விஷயம். எங்கள் பக்கத்து மலையூர்களில் இந்தக் கற்கோடரிகளைப் பிள்ளையார் கோயிலிலும் மரத்தடியிலும் வைத்துக் கும்பிடுகிறார்கள். உழும்போது கிடைத்தது, வழவழவென்று இருக்கிறது, சாமிக்கல் என்று கொண்டுவந்து வைத்தது. குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஊர் எங்கெங்கே இருந்தது என்பதற்கு அதுவும் தடயம்தானே?

---

மண்ணடுக்கு

தடயம்தான், அரைத் தடயம். எந்த வயலில் கிடைத்தது என்று கோயில் பெரியவர்களுக்கு நினைவிருந்தால் தங்கம். கோடரி மட்டும் கிடைத்தால் அங்கே மரம் வெட்டினார்கள் என்றுதான் அர்த்தம், குடியிருந்தார்கள் என்று இல்லை. அந்த வயலில் சாம்பல் நிறப் பானை ஓடும் அரவைக்கல்லும் சிதறிக் கிடந்தால் மட்டும்தான் ஊர் என்று சந்தேகப்படலாம். தயவுசெய்து யாரும் கோடரியை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், சாமியிடமே இருக்கட்டும்.

---

ஏலகிரி_நிழல்

சரி, எனக்குப் புரிந்தவரை: கம்பக்குழி நம்பலாம், கொள்ளும் பாசியும் நம்பலாம், கேழ்வரகு சந்தேகம், குழி வீடு வழக்கில் இருக்கிறது. கடைசியாக ஒன்று, "ஏன்_எப்படி" அவர்களே, என்ன கிடைத்தால் அது வீடு என்று ஒப்புக்கொள்வீர்கள்?

---

ஏன்_எப்படி

மூன்று சொல்கிறேன். குழியின் அடியில் கால்பட்டு இறுகிய தரை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசியதாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தத் தரையோடு ஒட்டி, மேலிருந்து விழாமல், அங்கேயே எரிந்த அடுப்பு, கீழே மண் சிவந்து சுட்டிருக்க வேண்டும். இறங்கி ஏற ஒரு படியோ சரிவோ.

தரை இறுகியது கண்ணால் பார்த்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மண்ணைக் கட்டியாக வெட்டி, பிசின் ஊற்றி இறுக்கி, காகிதத்தைவிட மெல்லிசாக அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், மிதித்த தரை என்றால் துகள்கள் படுக்கையாக அமுங்கிக் கிடக்கும், அடுப்புச்சாம்பலும் பாய்ப்புல்லின் சிலிக்காவும் வரிவரியாகத் தெரியும். தானியக்குழியில் அது இருக்காது. 1960களில் அந்த முறை நம் அகழாய்வுகளில் வழக்கத்தில் இல்லை, ராவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மயிலாடும்பாறையிலும் 2024இல் சென்னானூரிலும் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியிருக்கிறது, பையம்பள்ளியிலிருந்து அதெல்லாம் தூரமில்லை. குழி மறுபடி எங்கேயாவது வந்தால் அடிமண்ணை ஒரு கட்டி வெட்டி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வழக்கு அதில் முடிந்துவிடும்.

---

கொள்ளுப்பை

கட்டியோடு ஒரு வாளி மண்ணும்.